படகு மோட்டாரில் பிடிக்கும் கார்பனுக்கு ஒரு சொல் வேண்டும் (வெள்ளிக்கிழமைக்குள்)

மாயெபூர், மொரீசியஸ்:
எல்லோருக்கும் வணக்கம். கோவில் மாலைப் பள்ளியில் பெரிய பிள்ளைகளுக்கு, வீட்டில் நடக்கும் தொழிலைத் தமிழில் எழுதி ஒரு சுவரொட்டி செய்யச் சொல்லியிருந்தேன். பாதிப் பேருக்கு அப்பா மீன்பிடிக்கிறவர். அதனால் படகு மோட்டார் என்று முடிவாகிவிட்டது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.

விஷயம் இதுதான். டூ-ஸ்ட்ரோக் மோட்டாரில் பெட்ரோலோடு எண்ணெயும் கலந்து எரிகிறது, பல மோட்டார்களில் ஐம்பதுக்கு ஒன்று. எண்ணெய் முழுசாக எரியாமல் பிஸ்டன் தலையிலும், வளையங்கள் உட்காரும் பள்ளத்திலும், புகை வெளியேறும் துவாரத்திலும் கறுப்பாக இறுகிவிடும். நம் ஆட்கள் பவளப்பாறைக்கும் கரைக்கும் நடுவிலேயே மெதுவாகப் போய் வருகிறவர்கள், இன்ஜின் நன்றாகச் சூடேறுவதில்லை, அதனால் இன்னும் சீக்கிரம் பிடிக்கிறது. வளையம் பள்ளத்தோடு ஒட்டிக்கொண்டால் அமுக்கம் போய்விடும், அப்புறம் கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்பட்டைதான் கழலும். பிரெஞ்சில் இதற்குக் கலமின் என்று ஒரே சொல், அதை எடுப்பதற்கும் அதிலிருந்தே ஒரு சொல். நமக்கும் அப்படி இரண்டு வேண்டும், பிள்ளைகள் வாயில் நிற்கிற மாதிரி.

சென்னை:
கரிமப் படிவு, கரிம நீக்கம். இதற்கு எதற்கு இழை?

மோக்கா, மொரீசியஸ்:
கரிமம் என்பது தனிமத்தின் பெயர் ஐயா. பிஸ்டனில் இருப்பது எண்ணெய்ப் பிசினும் கரியும் சாம்பலும் சேர்ந்து வெந்த ஒன்று. உலோகத்தின் மேல் ஏறும் அழுக்குக்கு நம்மிடம் பழைய சொல் உண்டு: களிம்பு. செம்பிற் களிம்பு என்று சைவ சித்தாந்தம் படித்தவர்கள் எல்லோரும் சொல்வார்கள். இரசவாதத்தால் களிம்பு நீங்கிச் செம்பு பொன்னாகிறது, அருளால் மலம் என்னும் உயிரின் அழுக்கு நீங்கி உயிர் சிவமாகிறது. படிவது களிம்பு, எடுப்பது களிம்பறுத்தல். எவ்வளவு அழகு.

யாழ்ப்பாணம்:
அழகுதான், ஆனால் உவமையே உங்களுக்கு எதிராக நிற்கிறது. களிம்பு செம்போடு கூடவே பிறந்தது, அதனால்தான் அதை ஆணவ மலத்துக்குச் சொன்னார்கள், சகச மலம், உயிரோடு உடன்பிறந்தது. மோட்டாரில் ஏறுவது ஓட்ட ஓட்ட வெளியிலிருந்து வந்து சேர்கிறது. அது ஆகந்துகம். அப்படி வந்து சேரும் மற்ற இரண்டு மலங்களான கன்மத்தோடும் மாயையோடும் வைக்க வேண்டியதைக் கொண்டுபோய் ஆணவத்தோடு வைக்கிறீர்கள்.

சென்னை:
மருந்துக்கடையில் களிம்பு என்று கேட்டால் புண்ணுக்குப் போடுவதைத்தான் கொடுப்பான். சுவரொட்டியைப் பார்த்துவிட்டு யாராவது பிஸ்டனுக்கு மருந்து தடவப் போகிறார்கள்.

கோவை:
யாரும் கவனிக்காத ஒன்று. கலமின்! கலம் என்றால் கப்பல். மின் என்பது மின்னுவது, அல்லது மீன் என்பதன் குறுக்கம். கப்பலில் ஒட்டிக் கிடப்பது கலமீன். நம் மாலுமிகள் மத்தியதரைக் கடல் வரை போனவர்கள். சொல் நம்முடையதுதான், திருப்பி எடுத்துக்கொள்வோம்.

யாழ்ப்பாணம்:
அண்ணா, அது துத்தநாகத் தாதுவின் பெயர். கிரேக்கத்தில் காத்மேயா, இலத்தீனில் காத்மியா, இடைக்கால இலத்தீனில் கலமினா. தோலில் பூசும் ரோஸ் நிறக் கலமைன் மருந்தும் அதே சொல்தான். கப்பலும் இல்லை, மீனும் இல்லை.

கோவை:
காத்மியா மட்டும் எங்கிருந்து வந்ததாம்? தனியாக எழுதுகிறேன்.

மாயெபூர்:
தயவுசெய்து தனியாகவே எழுதுங்கள். 'கரி' என்று தொடங்கினால் இங்கே இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கிரியோலில் கரி என்றால் குழம்பு, நம் கறிதான் அப்படிப் போயிருக்கிறது. நேற்று வகுப்பில் 'கரிப்படிவு' என்று எழுதினேன், பின்வரிசை முழுக்கச் சிரிப்பு.

மோக்கா:
கரி என்றால் யானை. கரி என்றால் சாட்சி, "இந்திரனே சாலுங் கரி" என்று குறளிலேயே இருக்கிறது. உப்புக் கரிக்கிறது என்றும் சொல்கிறோம். கடலில் ஓடும் மோட்டாருக்கு எந்தக் கரி என்று யார் சொல்வது?

ரீயூனியன்:
குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். எடுப்பதற்கு என்ன செய்வது என்று சுவரொட்டியில் இருக்கிறதா? என்னிடம் பழைய 15 குதிரைத்திறன் ஒன்று இருக்கிறது, ஒரே புகை.

மாயெபூர்:
இருக்கிறது. இன்ஜினைச் சூடாக்கி, காற்று உள்ளே போகும் வாயில் கார்பன் கரைக்கும் ஸ்ப்ரேயை அது திணறி நிற்கும் வரை அடித்து, சில மணி நேரம் ஊறவிட்டு, பிறகு கடலில் நல்ல வேகத்தில் ஓட்ட வேண்டும். முதலில் பயங்கரமாகப் புகைக்கும். கடைசியில் பிளக்கை மாற்றுங்கள். தரையில் வைத்துச் செய்தால் தண்ணீர்க் குழாயை மாட்டாமல் ஸ்டார்ட் செய்ய வேண்டாம், பம்பின் ரப்பர் சக்கரம் சீக்கிரமே போய்விடும். திரும்பப் பிடிக்காமல் இருக்க டிசி-டபிள்யூ3 என்று (படகு டூ-ஸ்ட்ரோக் எண்ணெய்க்கான தரக்குறி) போட்ட எண்ணெய், சரியான அளவு, நாட்பட்ட பெட்ரோல் கூடாது, அவ்வப்போது முழு வேகத்தில் கொஞ்ச நேரம்.

டர்பன், தென்னாப்பிரிக்கா:
ஊறவைத்துத் தேய்ப்பது என்றால் என் ஆயா சொல்லும் பத்துப் பாத்திரம்தான் நினைவுக்கு வருகிறது. பத்து என்பது பற்று, சோறு ஒட்டிக் காய்ந்தது. கரிப்பற்று என்று வைத்தால் என்ன? சமையலறையில் நின்ற யாருக்கும் புரியும், பாத்திரத்தை ஊறவைக்காமல் சுரண்டினால் என்ன ஆகும் என்பதும் தெரியும்.

சென்னை:
பற்று என்றால் வங்கியில் பற்று வரவு. கொச்சையை ஏன் கலைச்சொல் ஆக்க வேண்டும்?

யாழ்ப்பாணம்:
பற்று கொச்சை இல்லை. "பற்றுக பற்றற்றான் பற்றினை" என்ற குறளில் எத்தனை தரம் வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். மோட்டாருக்கும் பற்றறுத்தல் நல்லதுதான், துறவு வாங்கிக்கொண்டு கரையில் உட்காராத வரை.

சென்னை:
மொரீசியஸில் எத்தனை பேர் இதைத் தமிழில் படிக்கப் போகிறார்கள்?

மோக்கா:
1998இல் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்தை ஒரு வரி கீழே இறக்கியதற்கே போராட்டம் நடந்து, அந்த நோட்டுகளைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். எத்தனை பேர் என்று எங்களிடம் கேட்காதீர்கள்.

மாயெபூர்:
சரி, வியாழன் இரவு ஆகிவிட்டது. கணக்குப் பார்த்தேன்: கரிப்பற்றுக்கு நான்கு பேர், கரிமப் படிவுக்கு இரண்டு, களிம்புக்கு மோக்கா ஐயா மட்டும். படிவது கரிப்பற்று. எடுப்பதற்குப் பற்றறுத்தல் என்று போடத் தைரியம் இல்லை, 'பற்றெடுத்தல்' என்று போடுகிறேன். கீழே சின்ன எழுத்தில் கலமின் என்றும் இருக்கும், இல்லாவிட்டால் அப்பாக்களுக்குத் தெரியாது.

மோக்கா:
அச்சாகட்டும். என் வகுப்பில் களிம்புதான்.

யாழ்ப்பாணம்:
இப்போதுதான் பார்த்தேன், தலைப்பில் 'அவுட்போர்டு மோட்டார்' என்று இருக்கிறதே? எங்கள் பத்திரிகைகளில் வெளியிணைப்பு இயந்திரம்.

சென்னை:
வெளிப்பொருத்தும் இயந்திரம்.

மாயெபூர்:
அச்சகம் பூட்டியாகிவிட்டது.