சைக்காலஜிஸ்ட் ஆகாத பசங்களுக்கு சைக்காலஜி எதுக்கு? டர்பன் அனுபவம்

தென்னாப்பிரிக்கா டர்பன்ல காலேஜ் பசங்களுக்கு சைக்காலஜி எடுக்கறேன். முதல் வருஷம் வர்றவங்கள்ல நிறைய பேருக்கு சைக்காலஜிஸ்ட் ஆகணும்னு ஆசை. ஆனா இங்க மூணு வருஷ டிகிரி, மேல ஹானர்ஸ்னு ஒரு கூடுதல் படிப்பு, அப்புறம் மாஸ்டர்ஸ், இன்டர்ன்ஷிப், க்ளினிக்கல்னா ஒரு வருஷம் கம்யூனிட்டி சர்வீஸ் வேற, மாஸ்டர்ஸ் சீட்டோ ரொம்பக் கம்மி, அதனால பெரும்பாலானவங்க வேற வேலைக்குத்தான் போறாங்க. அவங்களுக்கும் சேத்துதான் பாடம் நடத்தணும்ங்கறதுல நான் பிடிவாதமா இருக்கேன்.

ஒருதடவை மனநோய் அறிகுறி பத்தின பாடம். யாரும் பேசாமலே குரல் கேக்கறதப் பத்தி சொல்லிட்டிருந்தேன், ஜூலுங்கற இந்த ஊர்க் கறுப்பின சமூகத்துப் பொண்ணு ஒருத்தி எழுந்து, "எங்க சித்திய முன்னோர் கூப்பிட்டாங்க, அவங்க சங்கோமா ஆனாங்க, அப்ப அது ஸ்கிட்சோஃப்ரீனியாவா மேம்?"னு கேட்டா. சங்கோமான்னா முன்னோர் சொல் கேட்டு வைத்தியம் பாக்கறவங்க, ஸ்கிட்சோஃப்ரீனியாங்கறது இல்லாத குரல் கேக்கற மாதிரி அறிகுறி வர்ற மனநோய். டர்பன்ல இந்தியர்கள் நிறைய இருக்கற சாட்ஸ்வர்த்லேர்ந்து வர்ற தமிழ்ப் பையன் ஒருத்தன் உடனே, "எங்க ஆயாவுக்கு காவடி அன்னிக்கு சாமி வரும், மறுநாள் அவங்கதான் எல்லாருக்கும் சமைப்பாங்க"ன்னான். நான் பதில் சொல்லல, குரூப்பா உக்காந்து நீங்களே கேள்வி எழுதுங்கன்னுட்டேன். அந்த ஆளுக்கு அதுனால வேதனை இருக்கா, அன்றாட வேலை கெடுதா, சுத்தி இருக்கறவங்க அத எப்படிப் பாக்கறாங்க, தானா நிக்குதா... அவங்களே கொண்டு வந்தாங்க. அப்புறம்தான் மனநோய்கள எப்படிக் கண்டறியறதுன்னு சொல்ற டிஎஸ்எம்-5 கையேட்டத் திறந்து, விலகல் அடையாளக் கோளாறுன்னு (ஒரே ஆளுக்குள்ள வேற வேற ஆள் இருக்கற மாதிரி நடந்துக்கற நோய்) சொல்லணும்னா அது ஒரு சமூகம் ஏத்துக்கிட்ட வழிபாட்டோட பகுதியா இருக்கக்கூடாதுன்னு அங்கேயே எழுதியிருக்கறதக் காட்டினேன். இன்னொரு பக்கமும் பேசினோம், எல்லாத்தையும் சாமின்னு விட்டுட்டா நெஜமாவே நோய் இருக்கறவனுக்கு ட்ரீட்மென்ட் தள்ளிப் போகும்.

இந்த ஊர்ல இப்படிக் கேள்வி கேக்கறதச் சொல்லித்தராம இருக்கவே முடியாது. வெர்வூர்ட் 1924ல ஸ்டெல்லன்போஷ்ல சைக்காலஜில டாக்டரேட் வாங்கினவர், அங்கேயே ப்ரொஃபஸராவும் இருந்தவர், பின்னாடி அபார்த்தைட்ங்கற நிறவெறி ஆட்சிக்குப் பிரதமர். படிப்பு மட்டும் மனுஷனக் காப்பாத்திடாது. "இது யாரை வச்சு சோதிச்சது?"ன்னு கேக்கப் பழக்கணும். அதுக்கு நான் எடுக்கற உதாரணம் முல்லர்-லயர் கோடுகள், ஒரே நீளத்துல ரெண்டு கோடு போட்டு, முனைல இருக்கற அம்புக்குறிய ஒண்ணுல உள்பக்கமும் ஒண்ணுல வெளிப்பக்கமும் திருப்பிப் போட்டா ஒண்ணு நீளமாத் தெரியும். செகால்ங்கற ஆய்வாளரும் கூட இருந்தவங்களும் 1966ல வெளியிட்ட ஆய்வுல ஜோஹன்னஸ்பர்க் வெள்ளைக்காரங்க நல்லாவே ஏமாந்தாங்க, கலஹாரி பாலைவனத்து சான் பழங்குடி மக்கள் கிட்டத்தட்ட ஏமாறவே இல்ல. கண்ணுக்குத் தெரியறதே எல்லாருக்கும் ஒண்ணில்லன்னா பசங்க ஆடிப் போயிடறாங்க.

உங்க அனுபவத்தையும் எழுதுங்க.

---

அக்கா, நான் ஹானர்ஸோட நிறுத்தினவன், இப்ப ஒரு கம்பெனில ஹெச்ஆர். ஆள் எடுக்க பர்சனாலிட்டி டெஸ்ட் ஒண்ணு வாங்கலாம்னு மேனேஜர் கொண்டு வந்தார், நான் நார்ம்ஸ், அதாவது மார்க்க ஒப்பிட வச்சிருக்கற அளவு, யாரை வச்சுப் போட்டதுன்னு கேட்டேன். விக்க வந்தவர்கிட்ட வெளிநாட்டு டேட்டா மட்டும்தான் இருந்துச்சு. இங்க 1998 எம்ப்ளாய்மென்ட் ஈக்விட்டி சட்டம் 8வது பிரிவுல, அறிவியல்படி செல்லுபடியாகாத, ஒரு குழுவுக்கு எதிரா சாயற டெஸ்ட்ட வேலைக்கு வைக்கக் கூடாதுன்னே இருக்கு. அதக் காட்டினேன், வாங்கல.

---

தம்பி, ரொம்ப சந்தோஷம்பா. அந்த டெஸ்ட்ட விக்க வந்தவர் குடுத்த விவரத்தாள கம்பெனி பேர அழிச்சிட்டு அனுப்ப முடியுமா? அடுத்த டெர்ம் பசங்ககிட்ட குடுத்து ஓட்டையக் கண்டுபிடிக்கச் சொல்றேன்.