தவக்கால உறையில் இருக்கும் பணம் யாருடையது?

தென்னாப்பிரிக்காவில் டர்பனை அடுத்த ஃபீனிக்ஸைச் சேர்ந்த கத்தோலிக்கப் பங்குவாசி எழுதியது:

எங்கள் வீட்டில் தவக்காலத்தில், அதாவது திருநீற்றுப் புதன் தொடங்கி ஈஸ்டருக்கு முந்தின இரவின் பாஸ்கா திருவிழிப்பு முடியும்வரை, இறைச்சி வாங்குவதில்லை. அதனால் மிச்சமாகும் பணத்தை, தென்னாப்பிரிக்க ஆயர் பேரவையின் தவக்கால நிதிக்காகப் பங்கில் தரும் உறையில் சேர்த்து வைப்போம். (மீன்குழம்பு மணக்கிற வீட்டில் என்ன ஒறுத்தல் என்று என் மாமியார் கேலி செய்வார், அது வேறு கதை.) இவ்வாண்டு உறையில் ஏறக்குறைய 600 ராண்ட் சேர்ந்திருக்கிறது.

எங்கள் வீட்டு வேலைக்குப் பக்கத்து ஊரான இனாண்டாவிலிருந்து ஓர் அம்மா வாரத்தில் இரண்டு நாள், நாளுக்கு எட்டு மணிநேரம் வருகிறார். நாளொன்றுக்கு 180 ராண்ட் கொடுக்கிறேன். 2025 மார்ச் 1 முதல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 28.79 ராண்ட் என்று செய்தியில் பார்த்துவிட்டுக் கணக்குப் போட்டேன். நாளுக்கு 230.32 வர வேண்டும். வாரத்துக்கு 100.64 குறைகிறது, தவக்காலத்தின் ஆறு வாரங்களுக்கு 603.84. உறையில் இருப்பதும் கிட்டத்தட்ட அதே தொகை என்று கண்டபோது கை நடுங்கிவிட்டது. ஏழைகளுக்கென்று ஒதுக்கிய பணத்தை எடுத்துக் கூலிப் பாக்கியைத் தீர்ப்பது முறையா? நாங்கள் ஓய்வூதியத்தில் வாழ்பவர்கள். இரண்டையும் கொடுக்க வசதியில்லை.

மறைக்கல்வி ஆசிரியர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்:

சகோதரி, நீங்கள் கேட்டதற்குத் திருச்சபை 1965ஆம் ஆண்டிலேயே நேராகப் பதில் சொல்லியிருக்கிறது. உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின், பொதுநிலையினர் (குருக்களோ துறவியரோ அல்லாதவர்கள்) திருத்தூதுப் பணி பற்றிய ஆணையில் எட்டாம் பத்தியைப் பாருங்கள். நீதியின்படி ஏற்கெனவே கொடுக்கவேண்டியதை அன்பின் கொடைபோலக் கொடுத்துவிடக் கூடாது, நீதியின் கோரிக்கைகளையே முதலில் நிறைவேற்ற வேண்டும் என்பது அதன் கருத்து; திருச்சபையின் மறைக்கல்வி நூலும் 2446ஆம் எண்ணில் இதை எடுத்தாள்கிறது. ஆகவே உறையிலிருந்து எடுத்துக் கொடுத்தால் நீங்கள் ஏழைகளின் பணத்தைத் தொட்டவராக மாட்டீர்கள், ஏனென்றால் அந்தப் பணம் உறைக்குள் போவதற்கு முன்பே அந்த அம்மாவுக்கு உரியதாகிவிட்டது.

திருநீற்றுப் புதனை அடுத்த வெள்ளியன்று திருப்பலியில் எசாயா 58ஆம் அதிகாரம் வாசிக்கப்படுகிறது. நோன்பு இருந்தும் கடவுள் ஏன் பார்ப்பதில்லை என்று மக்கள் முறையிடுகிறார்கள். நோன்பு நாளிலேயே உங்கள் வேலையாட்களை ஒடுக்குகிறீர்களே என்று இறைவாக்கினர் திருப்பிக் கேட்கிறார். பல ஆண்டுகள் அந்த வாசகத்தை நானே பீடத்தில் நின்று வாசித்திருக்கிறேன். வேலையாட்கள் என்றால் பழைய காலத்து நிலக்கிழார்களின் ஆட்கள் என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன்.

சாட்ஸ்வொர்த்தார்:

எல்லாரும் எளிதாகச் சட்டம் பேசுகிறீர்கள். ஓய்வூதியக்காரர்களை இப்படி நெருக்கினால் அவர்கள் வேலைக்கு ஆள் வைப்பதையே நிறுத்திவிடுவார்கள், அந்த அம்மாவுக்கு 180 ராண்டும் இல்லாமல் போய்விடும். அவர் வாய்திறந்து கேட்டாரா? பழைய உடைகள், பண்டிகைக்குப் பிரியாணி, பிள்ளைகளுக்குப் பள்ளிப்பை என்று நாம் கொடுப்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டாமா? நம் முன்னோரும் ஒன்றுமில்லாமல் வந்து, முணுமுணுக்காமல் உழைத்துத்தான் முன்னேறினார்கள்.

சம்பளக் கணக்காளர், டொங்காட்:

ஐயா சொன்ன பிரியாணியிலிருந்து தொடங்குகிறேன். குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தில் அன்பளிப்பு, உணவு, பொருளாகக் கொடுப்பவை, டாக்ஸிச் செலவுக்கென்று கொடுக்கும் பணம் ஆகிய எதுவும் கூலிக் கணக்கில் சேராது. ஒருவரை நான்கு மணிநேரத்துக்குக் குறைவாக வேலை வாங்கினாலும் நான்கு மணிநேரக் கூலி கொடுக்க வேண்டும். கூலி உயர்ந்துவிட்டது என்பதற்காக வேலை நேரத்தை நீங்களாகவே குறைத்துவிடவும் முடியாது, அதுவும் முறைகேடுதான். மாதத்தில் 24 மணிநேரத்துக்கு மேல் வேலை செய்பவரை வேலையின்மைக் காப்பீட்டு நிதியில் பதிவு செய்து, அவர் பங்காக ஒரு விழுக்காடும் உங்கள் பங்காக ஒரு விழுக்காடும் கட்ட வேண்டும் என்பதைப் பலர் மறந்தே போகிறார்கள்.

இந்த உரிமைகளெல்லாம் வீட்டுப் பணியாளர்களுக்கு எளிதில் கிடைத்துவிடவில்லை. மற்றவர்களுக்குச் சமமான குறைந்தபட்சக் கூலி 2022 மார்ச்சில்தான் அவர்களுக்கு வந்தது. மரியா மஹ்லாங்கு என்ற பார்வை குன்றிய பணியாளர் 2012ஆம் ஆண்டு தாம் வேலை செய்த வீட்டின் நீச்சல்குளத்தில் விழுந்து இறந்தார். இழப்பீடு கேட்டு அவருடைய மகள் நடத்திய வழக்கில், வேலைக் காயங்களுக்கான இழப்பீட்டுச் சட்டத்திலிருந்து வீட்டுப் பணியாளர்களை விலக்கி வைத்தது செல்லாது என்று அரசியல் சாசன நீதிமன்றம் 2020 நவம்பரில் தீர்ப்பளித்தது. அதுவரை, ஒரு வீட்டுக்குள் விழுந்து செத்தவர் சட்டத்தின் கண்ணில் தொழிலாளியே இல்லை.

மறைக்கல்வி ஆசிரியர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்:

சாட்ஸ்வொர்த் ஐயாவுக்கு ஒரு சொல். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் டர்பன் வந்திறங்கிய நம்மவர்கள் மாதம் பத்து ஷில்லிங் கூலிக்குக் கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தமானார்கள். அரிசியும் பருப்பும் கொடுக்கிறோமே, இன்னும் என்ன வேண்டும் என்றுதான் தோட்ட முதலாளிகளும் சொன்னார்கள். முன்னோர் முணுமுணுக்கவில்லை என்பதும் சரியன்று. ஆண்டுக்கு மூன்று பவுண்டு தலைவரியை எதிர்த்து 1913இல் ஆயிரக்கணக்கானோர் வேலையை நிறுத்திய பிறகுதான் அந்த வரி அடுத்த ஆண்டு நீங்கியது. வேலை போய்விடும் என்ற உங்கள் கவலையை நான் ஒதுக்கவில்லை. வாரம் இரண்டு நாள் கொடுக்க முடியாதவர், அந்த அம்மாவிடம் மனம்விட்டுப் பேசி, அவர் சம்மதித்தால் ஒரு நாளாக வைத்துக்கொண்டு முழுக் கூலி கொடுக்கலாம். அவர் வாயால் கேட்கவில்லை என்பது மட்டும் காரணமாகாது. பிடித்து வைக்கப்பட்ட கூலியே கூக்குரலிடுகிறது என்றுதான் விவிலியத்தில் யாக்கோபு தம் திருமுகத்தில் எழுதுகிறார்.

ஃபீனிக்ஸ் பங்குவாசி:

பெரிய வியாழன் மாலை பாதம் கழுவும் சடங்குக்குப் போகுமுன் உறையைப் பிரித்து அந்த அம்மாவிடம் கொடுத்தேன். மார்ச் மாதத்திலிருந்து குறைத்துக் கொடுத்ததற்கான பாக்கி இது, தானம் அல்ல என்று சொன்னேன். நன்றி சொல்லிக் கைகூப்புவார் என்று, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், உள்ளுக்குள் எதிர்பார்த்தேன். அவரோ நிதானமாக எண்ணிப் பார்த்துவிட்டு, “சென்ற ஆண்டுக்கும் பாக்கி உண்டா?” என்று கேட்டார். இப்போது பழைய நாட்குறிப்பை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். 2024 மார்ச் முதல் மணிக்கு 27.58 ராண்ட்; வாரத்துக்கு 81.28 குறைகிறது.