தீர்மானம் கடையில், முடிவு வீட்டில்

திருகோணமலை நகரில் சகோதரர்கள் மூவர் நடத்தும் கட்டடப் பொருள் வியாபாரமொன்றில், குடும்பத்துக்கு வெளியிலிருந்து வந்த முதலாவது முகாமையாளராக நான் மூன்று வருடங்கள் வேலை செய்தேன். திங்கட்கிழமைதோறும் கூட்டம் நடக்கும்; நான் அறிக்கையை வாசிக்க, மூவரும் தலையசைப்பார்கள். காசோலைப் புத்தகம் மட்டும் பெரியவருடைய லாச்சிக்குள், திருநீற்றுச் சிமிழுக்குப் பக்கத்தில் இருந்தது.

2022 மார்ச்சில் மத்திய வங்கி ரூபாயைச் சந்தையின் போக்கில் விட்டதும், ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த டொலர் இரண்டு மாதங்களில் 350 ரூபாயைத் தாண்டியது. 60 நாள் கடனில் கம்பியும் சீமெந்தும் கொடுத்தால், திரும்பி வரும் காசில் அதே அளவு சாமானை வாங்க முடியாது என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். கடனை நிறுத்துவதென ஏகமனதாகத் தீர்மானித்தோம். மறுநாள் காலை நான் கடைக்கு வந்தபோது, இரண்டாமவருடைய மைத்துனரின் லொறியில் கம்பிக் கட்டுகள் ஏறிக்கொண்டிருந்தன. பில்லில் ‘கடன்’ என்று எழுதியிருந்தது. முதல்நாள் இரவு தாயாரின் வீட்டில், புட்டும் மீன்குழம்பும் பரிமாறப்பட்ட வேளையில், விடயம் வேறுவிதமாக முடிந்திருந்தது.

கோபித்துக்கொண்டு விலகுவதற்கு முன்னர் பங்குப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். முதல் மாதத்திலேயே பார்த்திருக்க வேண்டும். பாதிக்கு மேற்பட்ட பங்குகள் அந்த அம்மாவின் பெயரில் இருந்தன. அவரை நாங்கள் ஒருநாளும் கூட்டத்துக்கு அழைத்ததில்லை. அடுத்த கூட்டத்தை அவருடைய விறாந்தையில் வைத்தோம். கடன் கொப்பியை ஆறுதலாகப் புரட்டியவர், “தம்பி, இதில எங்கட சொந்தக்காரர் எத்தனை பேர்?” என்று மட்டும் கேட்டார். பதினொரு பேர். அன்றிலிருந்து கடன் பில்லுக்கு மகன் ஒருவருடைய கையொப்பத்தோடு என்னுடையதும் வேண்டும் என்றாயிற்று.

———

நான் இன்னொருவர்; வெளியாளை வேலைக்கு எடுத்த முதலாளி குடும்பத்தின் தரப்பிலிருந்து எழுதுகிறேன். திருகோணமலைக்கு அருகே, உப்புவெளிக் கடற்கரையில் உள்ள எங்கள் விடுதிக்குக் கொழும்பிலிருந்து முகாமையாளர் ஒருவரை எடுத்தோம். அப்பா இருபது வருடமாக ஒரே மீனவரிடம் மீன் வாங்கியதை அவர் நிறுத்தி, விலைமனுக் கோரி, குறைந்த விலைக்காரரைப் பிடித்தார். வாடைக் காலத்தில் கடல் கொந்தளித்து வள்ளங்கள் கரையிலேயே கிடந்தபோது அந்த விலைக்காரரைக் காணவில்லை. அகப்படும் நாலு மீனையும் எங்களுக்கே முதலில் தருவதென்பது அந்தப் பழைய மீனவருக்கும் அப்பாவுக்கும் இடையிலிருந்த வாய்ப்பேச்சு. அதை முகாமையாளரிடம் எவருமே சொல்லியிருக்கவில்லை. அப்பாவோ, அவர் கேட்டிருக்கலாமே என்று இன்றைக்கும் சொல்கிறார்.