எட்டாம் வகுப்பில் வந்து சேர்ந்த பிள்ளைக்கு அமெரிக்க வரலாறு: டெக்சாஸுக்குப் புதிதாக வந்த பெற்றோருக்கு

ஆகஸ்டில் பள்ளி திறந்ததில் இருந்து இந்தக் குழுவில் மூன்று பெற்றோர் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். கணக்கிலும் அறிவியலிலும் முதலில் நிற்கும் பிள்ளை சோஷியல் ஸ்டடீஸில் மட்டும் ஏன் திணறுகிறது, டியூஷன் வைக்கலாமா என்று. என் மகள் ஆறு வருடத்துக்கு முன் மதுரையில் இருந்து நேராக டாலஸ் பக்கம் எட்டாம் வகுப்பில் சேர்ந்தவள். எங்களுக்குக் கைகொடுத்ததை எழுதுகிறேன். டியூஷன் தேவைப்படவில்லை. வகுப்பில் ஆசிரியர்களே பயன்படுத்தும் பாடப்பொருள்கள் இணையத்தில் இலவசமாக இருக்கின்றன.

முதலில் பாடத்திட்டம். டெக்சாஸில் 4, 7 வகுப்புகளில் டெக்சாஸ் வரலாறு. 5ஆம் வகுப்பில் அமெரிக்க வரலாற்றின் அறிமுகம். 8இல் காலனி காலம் தொடங்கி 1877 வரை. அதற்குப் பிந்தையது ஹைஸ்கூலில், அதில் மாநிலத் தேர்வும் உண்டு. அப்புறம் ஒரு செமஸ்டர் கவர்ன்மென்ட். அதாவது எட்டாம் வகுப்பில் உங்கள் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை இந்தக் கதையை ஏற்கெனவே ஒரு முறை படித்துவிட்டது. நம் பிள்ளைக்கு இதுதான் முதல் தடவை. அறிவுக் குறைவு என்று தயவுசெய்து பிள்ளையிடம் சொல்லிவிடாதீர்கள்.

இந்த இடைவெளியை நிரப்ப நாங்கள் முதலில் போன இடம் ஊர்ப் பொது நூலகம். சிறுவர் பிரிவில் 973 என்ற எண்ணில் தொடங்கும் புத்தகங்கள் அமெரிக்க வரலாறு. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கான படப் புத்தகங்களை எடுத்து இரண்டு மாதம் வீட்டில் உரக்கப் படித்தோம். சின்னப் பிள்ளை புத்தகம் என்று மகள் முதலில் கூச்சப்பட்டாள். நானும் கூடவே படித்ததால் அந்தக் கூச்சம் போனது.

அடுத்தது சொற்கள். தெரியாத சொல்லைப் பிள்ளை அகராதியில் பார்த்துக்கொள்ளும். தெரிந்த சொல் வேறு பொருளில் வந்தால்தான் ஆபத்து. காங்கிரஸ் என்றால் நம் பிள்ளைக்குக் கட்சி; இங்கே அது நாடாளுமன்றம். கவர்னர் என்றால் குடியரசுத் தலைவர் நியமித்து அனுப்புபவர். இங்கே மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பவர், நம் முதலமைச்சரின் இடத்தில் இருப்பவர். செக்ரட்டரி நம்மூரில் ஐ.ஏ.எஸ். அதிகாரி, இங்கே செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் என்றால் வெளியுறவு அமைச்சர். அதிலும் டெக்சாஸுக்கென்று தனியாக ஒரு செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் இருக்கிறார், அவர் தேர்தல் வேலையைப் பார்ப்பவர். எல்லாவற்றுக்கும் மேலாக, இந்தியன் என்ற சொல். இங்கே அது அமெரிக்கப் பூர்வகுடிகளையும் குறிக்கும். 1830ஆம் ஆண்டின் இந்தியன் ரிமூவல் சட்டத்தைப் படித்த அன்று என் மகள் பயந்துபோய் வீட்டுக்கு வந்தாள். யாரை, எங்கிருந்து விரட்டினார்கள் என்று அவளுக்குப் புரியவில்லை. செரோக்கி என்ற பூர்வகுடி மக்களைப் பற்றி அன்றிரவு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். இந்த மாதிரிச் சொற்களுக்குத் தனி நோட்டுப் போடுங்கள். ஒரு பக்கம் நம்மூர்ப் பொருள், மறுபக்கம் இந்த ஊர்ப் பொருள்.

இப்போது முக்கியமான விஷயம். முதல் கட்டுரைக்கு மகள் நான்கு பக்கம் எழுதினாள். ஆண்டு, பெயர், இடம் எல்லாம் சரி. மதிப்பெண் பாதிதான் வந்தது. ஓரத்தில் ஆசிரியர், ஆதாரம் எங்கே என்று எழுதியிருந்தார். நாங்கள் நேரில் போய்க் கேட்டபோது பொறுமையாக விளக்கினார்: என்ன நடந்தது என்று சொன்னால் போதாது, இந்த ஆவணத்தில் இப்படி இருக்கிறது, அதனால் இப்படி நினைக்கிறேன் என்று வாதாட வேண்டும். நம்மூரில் ஐந்து மதிப்பெண் கேள்விக்குப் புத்தகத்தில் உள்ளதை அப்படியே எழுதிப் பழகிய பிள்ளைக்கு இது புது வேலை. மனப்பாடத் திறமை வீணாகாது, ஆனால் அது மட்டும் இங்கே கரை சேர்க்காது.

இதற்கு எங்களைத் தூக்கிவிட்டது ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவான ரீடிங் லைக் எ ஹிஸ்டோரியன் பாடங்கள். ஒவ்வொரு பாடமும் ஒரே ஒரு கேள்வி. நாங்கள் முதலில் எடுத்தது, போகஹான்டஸ் என்ற பூர்வகுடிப் பெண் ஜான் ஸ்மித் என்ற ஆங்கிலேயக் குடியேறியின் உயிரைக் காப்பாற்றினாளா என்பது. ஸ்மித் 1608இல் எழுதியதில் காப்பாற்றிய கதையே இல்லை. அவரே 1624இல் எழுதும்போது, தலையை நசுக்கப் போனார்கள், அந்தப் பெண் குறுக்கே வந்து காப்பாற்றினாள் என்கிறார். ஒரே ஆள், ஒரே சம்பவம், இரண்டு கதை. ஏன் மாற்றினார்? இடையில் என்ன நடந்தது? யாருக்காக எழுதினார்? சாப்பாட்டு மேசையில் எங்கள் வீட்டில் பெரிய சண்டையே நடந்தது. மகள் ஒரு பக்கம், அவள் அப்பா ஒரு பக்கம். அடுத்த கட்டுரையில் ஆதாரம் தானாக வந்து உட்கார்ந்தது. பழைய ஆங்கிலத்தை எளிமையாக்கித் தந்திருப்பதால் புதிதாக வந்த பிள்ளைக்கும் அதைப் படிக்க முடியும்.

லைப்ரரி ஆஃப் காங்கிரஸின் ஆசிரியர் பகுதியில் ஒரு தாள் கிடைக்கும். மூன்று பத்தி (காலம்): என்ன பார்க்கிறாய், என்ன நினைக்கிறாய், என்ன கேட்கத் தோன்றுகிறது. ஒரு பழைய புகைப்படத்தை எடுத்து வைத்து மூன்றையும் நிரப்பச் சொல்லுங்கள். வாரம் ஒன்று போதும். நேஷனல் ஆர்கைவ்ஸின் டாக்ஸ்டீச் தளத்தில் மூல ஆவணங்களோடு பயிற்சிகளும் சேர்ந்தே இருக்கின்றன.

அரசாங்கப் பாடத்துக்கு ஐசிவிக்ஸ். உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி சாண்ட்ரா டே ஓ'கானர் 2009இல் தொடங்கியது. பல பாடங்கள் விளையாட்டு வடிவில். டு ஐ ஹேவ் எ ரைட் என்ற விளையாட்டில் பிள்ளை ஒரு வக்கீல் அலுவலகம் நடத்த வேண்டும். வருகிறவரின் குறை எந்தச் சட்டத்திருத்தத்தில் வரும் என்று பார்த்துச் சரியான வக்கீலிடம் அனுப்ப வேண்டும். பத்து நாளில் பில் ஆஃப் ரைட்ஸ், அதாவது அரசியலமைப்பின் முதல் பத்துத் திருத்தங்கள், முழுக்க அத்துப்படி. ஹைஸ்கூல் பிள்ளைக்கு பிலடெல்பியாவில் உள்ள நேஷனல் கான்ஸ்டிட்யூஷன் சென்டரின் இன்டராக்டிவ் கான்ஸ்டிட்யூஷன் மிக நல்லது. மாறுபட்ட கருத்துள்ள இரண்டு அறிஞர்கள் ஒரு பிரிவைப் பற்றித் தாங்கள் ஒத்துப்போவதைச் சேர்ந்து எழுதுகிறார்கள், ஒத்துப்போகாததைத் தனித்தனியாக எழுதுகிறார்கள். வீட்டில் அரசியல் பேசும் பெரியவர்களும் அதைப் படிக்கலாம்.

அடிமை முறை பற்றிய பாடம் வரும்போது பிள்ளையைத் தனியாக விடாதீர்கள். அடிமைகளாக இருந்து விடுதலையானவர்களை 1936 முதல் 1938 வரை நேரில் கண்டு பதிவு செய்த 2,300க்கும் மேற்பட்ட வாக்குமூலங்கள் லைப்ரரி ஆஃப் காங்கிரஸில் இருக்கின்றன. சிலருடைய குரலையே தனி ஒலிப்பதிவுகளில் கேட்கலாம். கேட்டுவிட்டு என் மகள் வெகுநேரம் பேசவில்லை. ஆனால் அங்கேயும் அந்த ஆதாரக் கேள்வியைக் கேட்க வேண்டும். வாக்குமூலம் எடுத்தவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர்கள். அவர்கள் முன்னால் எல்லாவற்றையும் மனம் விட்டுச் சொல்லியிருப்பார்களா?

நம் பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்ததில் இருந்து கயிறு போட்டால் இந்த வரலாறு அந்நியமாகத் தெரியாது. 1773இல் பாஸ்டன் துறைமுகத்தில் கடலில் கொட்டிய 342 பெட்டித் தேயிலை, சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டை கட்டிய அதே கிழக்கிந்தியக் கம்பெனியுடையது. 1781இல் அமெரிக்கச் சுதந்திரப் போரில் யார்க்டவுனில் தோற்றுச் சரணடைந்த கார்ன்வாலிஸ்தான் பிறகு கவர்னர் ஜெனரலாக இந்தியா வந்து திப்பு சுல்தானோடு போரிட்டவர், நிலையான நிலவரித் திட்டம் கொண்டுவந்தவர். இதைச் சொன்னதும் என் மகள் முகம் மாறியதைப் பார்க்க வேண்டுமே! வகுப்பில் கைதூக்கி இதைச் சொன்னாள்; அன்றுதான் அவள் அந்த வகுப்பில் முதன்முதலாகப் பேசினாள்.

அதே மாதிரி செனட். மாநிலங்களவையில் தமிழ்நாட்டுக்கு 18 இடம், சிக்கிமுக்கு 1. இங்கே டெக்சாஸுக்கும் 2, மக்கள்தொகை மிகக் குறைந்த வயோமிங்குக்கும் 2. ஏன் என்று கேட்டால் 1787 அரசியலமைப்பு மாநாட்டின் சமரசம் முழுவதும் வந்துவிடும்.

கீழே கருத்துகளில் கேள்வி கேட்டவர்களுக்கு:

ஆசிரியருக்கு மெயில் போட்டால் தப்பாக நினைப்பாரா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நினைக்க மாட்டார். அடுத்த அலகில் என்ன ஆவணங்கள் வரும், முன்கூட்டியே படிக்கலாமா என்று இரண்டு வரி எழுதுங்கள். புத்தகம் வீட்டுக்கு வராவிட்டால் ஆன்லைன் புத்தகத்தின் லாகினைக் கேட்டு வாங்குங்கள்.

இன்னொருவரின் மகன் நேராக 11ஆம் வகுப்பு. ஏ.பி. (கல்லூரித் தரத்தில் நடக்கும் ஹைஸ்கூல் பாடம்) அமெரிக்க வரலாறு எடுத்தால் 7 ஆவணங்களைப் படித்து ஒரே கட்டுரை எழுதும் கேள்வி உண்டு. கான் அகாடமியில் முழுப் பாடமும் இலவசம். முதல் வருடமே ஏ.பி. வேண்டுமா என்பதைப் பிள்ளையின் ஆங்கில வேகத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். நான் என் மகளை அவசரப்படுத்தவில்லை.

இந்தப் புத்தகத்தில் நம்மைப் போன்றவர்கள் எங்கே என்று மகள் கேட்பதாக ஒரு தங்கை எழுதியிருக்கிறார். நல்ல கேள்வி அது. பாடப்புத்தகத்தில் அதிகம் இருக்காது. சாடா என்று அழைக்கப்படும் தெற்காசிய அமெரிக்க டிஜிட்டல் ஆவணக் காப்பகத்தில் தேடச் சொல்லுங்கள். 1923இல், பஞ்சாபில் இருந்து குடியேறிய பகத் சிங் திந்துக்குக் குடியுரிமை கிடையாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 1946இல் வந்த சட்டம் இந்தியர்களுக்குக் குடியுரிமையைத் திறந்தது, ஆனால் வருடத்துக்கு 100 பேர்தான் உள்ளே வரலாம் என்றது. 1956இல் இந்தியாவில் பிறந்த தலிப் சிங் சௌந்த் காங்கிரஸுக்குத் தேர்வானார். 1965இல் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட குடியேற்றச் சட்டம் பழைய நாட்டுவாரி ஒதுக்கீட்டை நீக்கியது. நாம் இவ்வளவு பேர் இங்கே வர வழி திறந்தது அதுதான். ஜான்சனின் நூலகம் ஆஸ்டினில் இருக்கிறது. தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு ஆஸ்டின் போகிறவர்கள் திறந்திருக்கும் நாளைப் பார்த்துக்கொண்டு பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். அந்த மூன்று பத்தித் தாளில் நாலைந்து பிரதி கையில் இருக்கட்டும்.