“வேறொரு விதை எண்ணைப் போட்டுப் பாருங்கள்”

மொத்தம் 4,000 ஊழியர்கள். அவர்களில் 100 பேரைத் தேர்ந்தெடுத்துப் பணிச்சூழல் பற்றிக் கேட்க வேண்டும். எங்கள் குழுவில் ஒருவர் ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளில் எளிய சமவாய்ப்பு முறைப்படி, அதாவது எல்லோருக்கும் சம வாய்ப்புள்ள குலுக்கலாக, மாதிரி எடுத்துக் கொடுத்தார். குலுக்கலைத் தொடங்க மென்பொருளுக்குக் கொடுக்கும் எண்தான் விதை எண்; அதை மாற்றினால் வேறு பெயர்கள் வரும். பட்டியலைப் பார்த்த மேலாளர், “நிரந்தர இரவுப் பணியில் இருக்கும் 40 பேரில் ஒருவர்கூட இல்லையே! வேறொரு விதை எண்ணைப் போட்டுப் பாருங்கள்” என்றார்.

அவருடைய கவலை நியாயமானது. சொன்ன வழிதான் ஆபத்தானது. கணக்குப் போட்டுப் பார்த்தால், அந்த 40 பேரில் எவரும் அகப்படாமல் போவதற்கான வாய்ப்பு ஏறக்குறைய 36 விழுக்காடு. ஆக, மென்பொருள் தன் வேலையை ஒழுங்காகவே செய்திருக்கிறது. மனத்துக்குப் பிடித்த பட்டியல் வரும்வரை எண்ணை மாற்றிக்கொண்டே போனால் ஆட்களைப் பொறுக்குவது நாம்தான் என்றாகிவிடும். மாதிரியின் முடிவு உண்மையிலிருந்து எவ்வளவு விலகலாம் என்று அறிக்கையில் எழுதும் பிழை வரம்புக்குப் பிறகு என்ன பொருள்?

இதை மேலாளரிடம் பொறுமையாக விளக்கினேன். இரவுப் பணியாளர்களைத் தனிப் படுகையாக, அதாவது தனிப் பிரிவாக, பிரித்து அதில் 10 பேரையும், மற்ற 3,960 பேரிலிருந்து 90 பேரையும் எடுத்தோம். இப்படிச் செய்தால் எடையிடுவதை, அதாவது ஒருவர் எத்தனை பேருக்காகப் பேசுகிறாரோ அத்தனை மடங்காக அவர் பதிலைக் கணக்கில் எடுப்பதை, மறக்கவே கூடாது. இரவுப் பணியாளர் ஒவ்வொருவரும் 4 பேருக்காகப் பேசுகிறார். மற்றவர் ஒவ்வொருவரும் 44 பேருக்காக. எடை போடாமல் சராசரி எடுத்தால், ஒரு விழுக்காடே உள்ள இரவுப் பணியாளர்களின் குரல் பத்து விழுக்காடாக ஒலிக்கும்.

விதை எண்ணோடு மென்பொருளின் பதிப்பு எண்ணையும் குறித்துவைப்பது என் வழக்கம். 2019இல் வந்த ஆர் 3.6.0 பதிப்பில், மாதிரி எடுக்கும் கட்டளையின் உள்வழிமுறையை மாற்றினார்கள். மிகப் பெரிய தொகுதிகளில் பழைய முறை எல்லோருக்கும் துல்லியமாகச் சம வாய்ப்புத் தரவில்லை என்பதே காரணம். நல்ல மாற்றம்தான். ஆனால் அதே விதை எண்ணைப் பழைய பதிப்பிலும் புதியதிலும் போட்டால் வெவ்வேறு பெயர்கள் வரக்கூடும். தணிக்கையாளர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது இது தெரியாமல் திகைக்கக் கூடாது.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு உறுத்துவது வேறொன்று. அந்த 4,000 பெயர்களும் சம்பளப் பட்டியலிலிருந்து வந்தவை. ஒப்பந்தப் பணியாளர்கள் அதில் கிடையாது. பட்டியலில் இல்லாதவருக்கு எந்த மென்பொருளும் வாய்ப்புத் தராது; எந்த எடையும் அவரைக் கொண்டுவந்து சேர்க்காது. “நிரந்தர ஊழியர்களுக்கு மட்டும் பொருந்தும்” என்று அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதச் சொல்லி வலியுறுத்தினேன். எழுதினார்கள்.

பல ஒப்பந்ததாரர்களிடம் சிதறிக் கிடக்கும் ஒப்பந்தப் பணியாளர்களின் பெயர்களை ஒரே பட்டியலாகத் திரட்டியவர்கள், ஒருவர் பெயர் இரண்டு இடங்களில் வருவதை எப்படிக் களைந்தீர்கள் என்று சொன்னால் அடுத்த ஆய்வுக்கு உதவும்.