கலைச்சொல் வேண்டும்: பழைய தாய்ப்பலகை, புது என்விஎம்இ, நடுவில் ஒரு பென் டிரைவ்

அனைவருக்கும் வணக்கம்.

பழைய கணினியில் என்விஎம்இ எனும் வேகமான திண்மநிலை (எஸ்எஸ்டி) வட்டைப் பொருத்தி, இயங்குதளத்தை அதிலேயே வைத்து ஓட்டுவது எப்படி என்று ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். முக்கால்வாசி முடிந்துவிட்டது. ஒரே ஒரு சொல் கிடைக்காமல் மூன்று நாளாக ஒரே பத்தியில் நிற்கிறேன்.

சொல்லைக் கேட்பதற்கு முன் பொருளைச் சொல்லிவிடுகிறேன். பொருளைப் பார்க்காமல் பெயர் வைத்தால் என்ன ஆகும் என்பது நமக்குப் பழக்கமானதுதான். திண்மநிலை ‘வட்டு’ என்கிறோம். உள்ளே வட்டமாகவும் ஒன்றும் இல்லை, சுற்றுவதும் ஒன்றும் இல்லை. பழகிவிட்டதால் நானும் அப்படியே எழுதுகிறேன்.

என்னுடையது பயாஸ் (கணினியைப் போட்டதும் முதலில் ஓடும், பலகையின் பழைய உள்நிரல்) காலத்துத் தாய்ப்பலகை. இத்தகைய வட்டைச் செருகும் எம்.2 துளை கிடையாது. பிசிஐ எக்ஸ்பிரஸ் துளையில் ஓர் அட்டையைச் செருகி, அதன்மேல் வட்டைப் படுக்கவைத்து, ஓரத்தில் ஒரு பொடித் திருகு போட்டேன். வட்டு 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம், ஏறக்குறைய ஆள்காட்டி விரல் அளவு. கணினியைப் போட்டு, எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் பூட் பட்டியலுக்குப் போனால், பழைய வன்தட்டு இருக்கிறது, டிவிடி இருக்கிறது, புது ஆளைக் காணோம். கழற்றி, ஊதி, மறுபடி செருகினேன். காணோம்.

அட்டை கெட்டுப்போனது என்றுதான் நினைத்தேன். அப்புறம் பென் டிரைவிலிருந்து லினக்ஸைக் கிளப்பிப் பார்த்தால், வட்டு அங்கே ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது. பிரிவு போட முடிகிறது, கோப்பு எழுத முடிகிறது. வேகத்துக்கும் குறைவில்லை. பிசிஐ எக்ஸ்பிரஸ் 2.0இல் நான்கு தடங்கள் சேர்ந்தால் நொடிக்கு 2 ஜிகாபைட் வரை இடம் உண்டு. பழைய வட்டுகளின் இணைப்பான சாட்டா எவ்வளவு முக்கினாலும் 600 மெகாபைட்டைத் தாண்டாது.

ஆக வன்பொருளில் கோளாறு இல்லை. பேச்சுவார்த்தையில்தான் கோளாறு. கணினி எழும் நேரத்தில், இயங்குதளத்தை ஏற்றிவிடும் சிறு நிரலான பூட் லோடருக்கு வட்டை நேரடியாகப் படிக்கத் தெரியாது. 13எச் என்ற எண்ணுள்ள குறுக்கீட்டின் வழியாக பயாஸைக் கூப்பிட்டு, இந்த இடத்திலிருந்து இவ்வளவு படித்துக் கொடு என்று கேட்கும். பயாஸுக்குத் தெரிந்த வட்டாக இருந்தால் படித்துக் கொடுக்கும். என்விஎம்இ வரையறையின் முதல் பதிப்பே 2011இல்தான் வந்தது. என் பயாஸ் அதைக் கேள்விப்பட்டதே இல்லை. லினக்ஸின் மையக் கருவான கெர்னலுக்கோ 2012இல் வந்த 3.3ஆம் பதிப்பிலிருந்தே அதற்கான இயக்கி, அதாவது வட்டோடு பேசும் நிரல், உண்டு. வட்டைப் பார்க்க கெர்னல் வேண்டும். கெர்னலோ வட்டுக்குள் கிடக்கிறது. சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதை.

இதற்கு நான் செய்த வழி எளிது. பூட் பிரிவை மட்டும் பென் டிரைவில் வைத்தேன், மற்றதெல்லாம் என்விஎம்இயில். பயாஸுக்குப் பென் டிரைவ் தெரியும். அதிலிருந்து கிரப் என்ற பூட் லோடர் எழும். கிரப் அங்கேயே உள்ள கெர்னலை எடுத்து நினைவகத்தில் வைக்கும். கெர்னல் கண் திறந்ததும் தன் இயக்கியைக் கொண்டு என்விஎம்இயைப் பார்த்து, மற்ற எல்லாக் கோப்புகளும் உள்ள மூலக் கோப்பகத்தை அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். பென் டிரைவுக்கு வேலை சில நொடிதான்.

இப்படி எழுவதற்குப் பெயர் என்ன? கையில் மூன்று இருக்கின்றன: சங்கிலி ஏற்றம், ஊன்றுகோல் துவக்கம், கைமாற்றுத் துவக்கம். எனக்கு மூன்றாவது பிடித்திருக்கிறது. உங்கள் கருத்து?

———

> எனக்கு மூன்றாவது பிடித்திருக்கிறது

எனக்குப் பிடிக்கவில்லை. கைமாற்று என்றால் சீட்டு எழுதாமல் அவசரத்துக்கு வாங்கும் சின்னக் கடன். நீங்கள் ‘ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றுவது’ என்று நினைத்துப் போட்டிருக்கிறீர்கள். படிக்கிறவர் பணத்தைத்தான் நினைப்பார்.

ஊன்றுகோல் கொஞ்சம் பாவமாக இருக்கிறது. கணினி நொண்டவில்லையே.

சங்கிலி ஏற்றம் ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது. அதையே வைத்துக்கொண்டால் என்ன?

———

ஒரு சின்ன விசயம். ‘துவக்கு’ என்றால் ஈழத்தமிழில் சுடுகிற துவக்கு. ‘கணினியைத் துவக்கு’ என்று ஒரு பொத்தானில் எழுதியிருந்தால் எங்கட ஆக்கள் முதலில் சிரிப்பினம், பிறகுதான் அழுத்துவினம். தொடக்கம் என்று போட்டால் இரண்டு பக்கமும் பிரச்சினை இல்லை. ஆனால் ‘தொடக்கு’ என்று வினையாக்கிவிடாதீர்கள், அதற்குத் தீட்டு என்றும் ஒரு பொருள் உண்டு.

———

நான் வேறு மாதிரி கேட்கிறேன். பூட் என்றே வைத்தால் என்ன? எல்லோரும் ‘பூட் ஆகுது’, ‘பூட் ஆகல’ என்றுதான் சொல்கிறோம். பூட்டு என்ற சொல்லோடு குழம்பும் என்பார்கள். எனக்கு அது குழப்பமாகவே படவில்லை. வண்டி பூட்டு என்றால் வண்டிக்குத் தாழ்ப்பாள் போடு என்றா அர்த்தம்? மாட்டை நுகத்தில் கட்டிப் புறப்படத் தயார் பண்ணு என்று அர்த்தம். ஏர் பூட்டுவதும் அப்படியே. கணினியைப் பூட்டுவதும் அதுதான்! வந்த சொல்லும் இருந்த சொல்லும் ஒரே இடத்தில் சந்தித்திருக்கின்றன, விடுவானேன்?

———

வணக்கம். எல்லா மடல்களையும் சேர்த்துப் பதில் எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

வண்டி பூட்டுவது அழகாகத்தான் இருக்கிறது, ரசித்தேன். ஆனால் ‘கணினியைப் பூட்டு’ என்ற கட்டளை ஏற்கெனவே திரையில் இருக்கிறது. அழுத்தினால் கடவுச்சொல் கேட்கும். அங்கே போய் மாட்டைக் கட்ட முடியாது. ‘எழுதல்’ என்று வைக்கலாமா என்றும் யோசித்தேன். ‘கணினி எழவில்லை’ என்று ஒருமுறை எழுதிப் பார்த்துவிட்டு அழித்துவிட்டேன். அந்த ‘எழவு’ கண்ணில் குத்துகிறது.

துவக்கம் போகட்டும், தொடக்கம் இருக்கட்டும். அந்த மடலை எழுதியவருக்கு நன்றி. வினை வேண்டிய இடத்தில் தொடங்கு, தொடங்கிவை என்று எழுதிக்கொள்கிறேன்.

சங்கிலி ஏற்றத்தை மறுக்கக் காரணம் இருக்கிறது. அது ஒரு பூட் லோடர் இன்னொரு பூட் லோடரை ஏற்றி, இனி நீ பார்த்துக்கொள் என்று ஒதுங்குவது. என் பென் டிரைவில் இருப்பது ஒரே கிரப். அது நேராகக் கெர்னலை ஏற்றுகிறது. சங்கிலியில் இரண்டாவது கண்ணியே இல்லை. அந்தச் சொல்லை இதற்கும் நீட்டினால், பின்னால் உண்மையான சங்கிலி ஏற்றத்தை விளக்க வரும்போது வாயில் சொல் இருக்காது.

அப்புறம் இன்னொரு வழியும் உண்டு, முதல் மடலில் சொல்லவில்லை. சில பலகைகளில் பயாஸுக்குப் பதிலாக வந்த யூஈஎஃப்ஐ இருக்கும், என்விஎம்இ இயக்கி மட்டும் இருக்காது. அங்கே க்ளோவர் என்ற லோடரைப் பென் டிரைவில் வைத்து, அதன் இயக்கிக் கோப்புறையில் என்விஎம்இக்கான கோப்பு ஒன்றைப் போட்டுவிடுவார்கள். கணினி எழும்போது அந்தக் கோப்பு நினைவகத்துக்குப் போகும். உடனே யூஈஎஃப்ஐக்கே வட்டு தெரிய ஆரம்பித்துவிடும். மீதி எல்லாம், கெர்னல் உட்பட, வட்டிலிருந்தே வரும். பயாஸ் மட்டும் உள்ள பலகையிலும் க்ளோவர் ஒரு யூஈஎஃப்ஐ சூழலைத் தானே உருவாக்கிக்கொள்ளும். இதில் சங்கிலி உண்டு, என் வழியில் இல்லை. ஆனால் இரண்டு வழியிலும் நடக்கிற காரியம் ஒன்று: பலகையிடம் இல்லாத இயக்கியை வெளியிலிருந்து கொண்டுவந்து காட்டுகிறோம். ஒன்றில் அது தனிக் கோப்பாக வருகிறது, இன்னொன்றில் கெர்னலோடு சேர்ந்து வருகிறது. நம் சொல் அந்த இடத்தைத்தான் தொட வேண்டும்.

கைமாற்றில் குறை கண்டீர்களே, அந்த மடலைப் படித்தபோதுதான் பொறி தட்டியது. கடன் என்ற எண்ணம் தப்பில்லை, பணம் என்ற எண்ணம்தான் தப்பு. பணமில்லாத கடனுக்கு நம்மிடம் சொல் இருக்கிறதே: இரவல். பலகை இயக்கியை இரவல் வாங்கித் தொடங்குகிறது. இரவல் தொடக்கம். இயக்கி தனக்கே இருக்கும் பலகை செய்வது சொந்தத் தொடக்கம். இணையும் கிடைத்துவிட்டது, உருபு சேர்ப்பதும் எளிது: இரவல் தொடக்கத்தில், இரவல் தொடக்கத்துக்கு.

இந்தச் சொல் ஓர் எச்சரிக்கையையும் தன்னோடு கொண்டுவருகிறது என்பது என் அனுபவம். கெர்னல் எழுந்தபின் பென் டிரைவைப் பிடுங்கிவிட்டாலும் கணினி பாட்டுக்கு ஓடும். எனக்கு அது பெருமையாகக்கூட இருந்தது. பிடுங்கி மேசை இழுப்பறையில் போட்டுவைப்பேன். ஒருநாள் அப்படிப் பிடுங்கிவைத்த நிலையிலேயே இயங்குதளத்தைப் புதுப்பித்தேன். எந்தப் பிழைச் செய்தியும் இல்லை. மறுநாள் பென் டிரைவைச் செருகிப் போட்டால், கணினி எழுகிறது, வலை இல்லை. வைஃபை அட்டையே இல்லாத மாதிரி நடக்கிறது.

அரைநாள் கழித்துத்தான் புரிந்தது. பென் டிரைவ் இணைக்கப்படாததால், புதுக் கெர்னல் என்விஎம்இயில் இருந்த வெறும் பூட் கோப்புறைக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. என் லினக்ஸ் பழைய கெர்னலின் கூறுகளை (தேவைப்படும்போது வட்டிலிருந்து ஏற்றும் இயக்கித் துண்டுகள்) வைத்திருக்காது, புதிது வந்ததும் துடைத்துவிடும். பென் டிரைவில் மட்டும் பழைய கெர்னல் அப்படியே இருந்தது. அது எழுந்து, தன்னோடு கட்டிவந்த இயக்கியால் வட்டைப் பார்த்துவிட்டது. வைஃபைக்கு உரிய கூறைத் தேடி வட்டுக்குள் போனால், அங்கே இருப்பதெல்லாம் புதுக் கெர்னலுக்கானவை. பென் டிரைவைச் சரியாக இணைத்துக் கெர்னலை மறுபடி நிறுவியதும் தீர்ந்தது. ‘இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்தாளாம்’ என்பது எனக்காகவே சொல்லப்பட்டதுபோல் இருந்தது. க்ளோவர் வழியில் இந்தத் தொல்லை இல்லை, கெர்னல் வட்டிலேயே இருப்பதால். எனவே கையேட்டில் ‘கெர்னல் இரவல்’, ‘இயக்கி இரவல்’ என்று இரண்டாகப் பிரித்து எழுத நினைக்கிறேன்.

———

இரவல் நன்றாக இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். இரண்டு கேள்வி.

ஒன்று, இரவல் வாங்கினால் திருப்பித் தர வேண்டும். இங்கே யார் எதைத் திருப்பித் தருகிறார்கள்?

இரண்டு, பலகையின் நிலைபொருளையே (பயாஸ், யூஈஎஃப்ஐ போன்ற உள்நிரல்) திறந்து உள்ளே என்விஎம்இ இயக்கியைச் சேர்த்துத் திரும்ப எழுதுகிறார்களே, அதுவும் இரவலா?

———

> இங்கே யார் எதைத் திருப்பித் தருகிறார்கள்?

பலகைதான். மின்சாரத்தை நிறுத்தியதும் வாங்கியதெல்லாம் போய்விடுகிறது. அடுத்த முறை போடும்போது பலகை மறுபடி வெறுங்கையோடுதான் நிற்கும், மறுபடி கேட்டுத்தான் வாங்கும். ஒவ்வொரு முறையும் புது இரவல்.

இரண்டாவது இரவல் இல்லை. மரத்தில் ஒட்டுக் கட்டுகிற மாதிரி. இயக்கி பலகையின் உடம்போடு சேர்ந்துவிடுகிறது. அதன்பின் நடப்பது சொந்தத் தொடக்கமே. வேண்டுமானால் ‘ஒட்டு நிலைபொருள்’ என்று சொல்லலாம். கையேட்டில் அதற்கு ஒரு பத்திக்கு மேல் ஒதுக்கப் போவதில்லை. எழுதும்போது பாதியில் மின்சாரம் போனாலோ, எழுதும் படிமக் கோப்பு பிசகினாலோ பலகையே எழாது. அந்த நிரல் இருக்கும் சில்லை வெளியிலிருந்து எழுதும் கருவி கைவசம் இல்லாதவரிடம் அதைச் சொல்லிக்கொடுக்க எனக்குத் துணிச்சல் இல்லை.

மூன்றாவது வகையும் உண்டு. 2015இல் வந்த சாம்சங் 950 ப்ரோ போன்ற சில வட்டுகள், பழைய பயாஸுக்குப் புரியும் நிரலைத் தங்கள் மேலேயே சுமந்துகொண்டு வந்தன. விருந்தாளியே மொழிபெயர்ப்பாளரையும் கூட்டிக்கொண்டு வருவதுபோல. அதற்குத் தனிச்சொல் தேடவேண்டாம் என்பது என் எண்ணம். வட்டுகள் அப்படி வருவது அரிது.

சொல்லை வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன்:

‘வட்டு பூட் பட்டியலில் தெரியாவிட்டால் அது பழுது என்று முடிவுகட்ட வேண்டாம். லினக்ஸில் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் இரவல் தொடக்கம் செய்யலாம். அங்கேயும் தெரியாவிட்டால் நீங்கள் வாங்கியது எம்.2 வடிவில் வரும் சாட்டா வட்டா என்று சரிபாருங்கள், எம்.2 என்பது வடிவத்தின் பெயர்தான், என்விஎம்இ அட்டையில் சாட்டா வட்டு வேலை செய்யாது.’

‘இயங்குதளத்தைப் புதுப்பிக்கும் முன் இரவல் பென் டிரைவ் செருகி இணைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.’

———

முதல் வாக்கியம் அருமை. இரண்டாவதில் ‘இரவல் பென் டிரைவ்’ என்று எழுதாதீர்கள் ஐயா. பக்கத்து மேசையில் கேட்டு வாங்கிய பென் டிரைவ் என்றுதான் யாரும் படிப்பார்கள், வேலை முடிந்ததும் கொண்டுபோய்க் கொடுத்தும்விடுவார்கள். ‘தொடக்கப் பென் டிரைவ்’ போதும்.

———

சரி, மாற்றிவிட்டேன்.