கலைச்சொல் உதவி: பிரெஞ்சு டோஸ்ட்டை ஊறவைக்கும் பாலுக்கு என்ன பெயர்?

அன்புள்ள குழுவினருக்கு,

வார இறுதிக் காலைச் சிற்றுண்டி வரிசைக்காக இனிப்புப் பிரெஞ்சு டோஸ்ட் செய்முறை ஒன்று ஏறக்குறைய முடிந்துவிட்டது. ஒரே ஒரு சொல்தான் இடிக்கிறது. முட்டை, பால், சர்க்கரை எல்லாம் சேர்த்து அடித்து, அதில் ரொட்டித் துண்டை ஊறப் போடுகிறோமே, அந்தக் கலவைக்குத் தமிழில் என்ன பெயர்? ஆங்கிலச் சமையல் நூல்கள் கஸ்டர்ட் என்கின்றன. அதை அப்படியே போட்டால் படிப்பவர் டப்பாவில் வரும் மஞ்சள் பொடியைத் தேடுவார். வரைவில் இப்போதைக்கு "முட்டை மாவு" என்று வைத்திருக்கிறேன்.

அளவு: 2 செ.மீ. கனமுள்ள 4 துண்டுகளுக்கு 2 முட்டை, 150 மி.லி. பால், 1 மேசைக்கரண்டி சர்க்கரை, 1 சிட்டிகை உப்பு, அரைத் தேக்கரண்டி வெனிலா எசன்ஸ்.

—

> வரைவில் இப்போதைக்கு "முட்டை மாவு" என்று வைத்திருக்கிறேன்.

மாவு மட்டும் வேண்டாம். இதில் மாவே இல்லை. மாவு என்று எழுதினால் சமைப்பவரின் கை தானாக மைதா டப்பாவுக்குப் போகும். மேலும் பஜ்ஜிக்கு முக்குவதுபோல் முக்கி எடுத்து உடனே கல்லில் போட்டுவிடுவார். மேலே ஆம்லெட், உள்ளே வறண்ட ரொட்டி என்றுதான் வரும். மைதா சேர்ப்பவர்களும் உண்டு. ஒரு மேசைக்கரண்டி சேர்த்தால் மேற்புறம் சற்று மொறுமொறுப்பாகும். ஆனால் கலவை கெட்டியாகி உள்ளே இறங்கத் தயங்கும். அது வேறு செய்முறை.

வேலையைப் பார்த்தால், ரொட்டியின் கண்ணறைகளுக்குள் பால் இறங்க வேண்டும், கல்லின் சூட்டில் முட்டைப் புரதம் அதை அங்கேயே பிடித்து நிறுத்த வேண்டும். பெயரும் "இறங்குவது" என்ற பொருளைத் தந்தால் நல்லது. ஊறல்?

—

ஊறல் பொருத்தம்தான், ஆனால் செய்தித்தாள் படிப்பவர்களுக்கு அது சாராய ஊறல். காலைச் சிற்றுண்டிக்கு ஆகாது :)

கரைசல் என்று யாராவது சொல்லும் முன் நானே மறுத்துவிடுகிறேன். சர்க்கரையும் உப்பும் கரையும், முட்டை கரையாது. அதனால்தான் இந்தக் கலவையில் பாதித் தொல்லை. வெள்ளைக்கரு சரியாக உடையாமல் இழையிழையாக நின்றுவிட்டால், ஒரு துண்டின் மேல் போய் ஒட்டிக்கொண்டு வெந்து, வெள்ளைத் திட்டாகத் தெரியும். முட்டையோடு உப்பையும் சர்க்கரையையும் சேர்த்து முதலில் நன்றாக அடிக்க வேண்டும், பிறகுதான் பால். சந்தேகமிருந்தால் வடிகட்டிவிடலாம். பட்டைத் தூள் சேர்ப்பதானால் அதையும் சர்க்கரையோடு கலந்தே போட வேண்டும். நேராகப் பாலில் தூவினால் நனையாமல் மேலே மிதந்து, முதல் துண்டிலேயே மொத்தமும் அப்பிக்கொள்ளும்.

என் பரிந்துரை: தோய்பால்.

—

தோய்பால் கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் தோய்த்த பால் என்றால் உறை ஊற்றிய பால். தயிராகப் போவது. ஈழத்தில் உடுப்புத் தோய்ப்பார்கள், அதாவது துவைப்பார்கள். இரண்டு பக்கமும் இடறும்.

தவிர, தோய்த்தல் சட்டென்று முடிகிற வேலை. இங்கே நேரம் முக்கியம். கடையில் வெட்டியே வரும் மெல்லிய துண்டுக்குப் பக்கத்துக்கு 15–20 வினாடி போதும், அதற்கு மேல் போனால் தூக்கும்போதே பிய்ந்துவிடும். 2 செ.மீ. கனத்துக்குப் பக்கத்துக்கு ஒன்றரை முதல் 2 நிமிடம். துண்டை இரண்டு கைகளாலும் தூக்கிப் பார்த்தால் நடுவில் லேசாகத் தொய்ய வேண்டும், ஓரம் கிழியக் கூடாது. செய்முறையில் மெல்லியதற்கு "நனைத்தல்", கனத்ததற்கு "ஊறவைத்தல்" என்று இரண்டு வினைகளையும் பிரித்தே எழுதுங்கள். பெயர்ச்சொல்லை விட இது முக்கியம் என்பேன்.

பெயருக்கு "ஊறுபால்" என்று வைக்கலாமே.

—

> பெயருக்கு "ஊறுபால்" என்று வைக்கலாமே.

இலக்கணப்படி ஒரு கேள்வி. ஊறுகாயில் ஊறுவது காய். ஊறுபாலில் ஊறுவது பால் அல்ல, ரொட்டி. பசுவின் மடியில் ஊறும் பால் என்றுதான் முதலில் பொருள்படும்.

எளிமையாக "முட்டைப்பால்" என்றால் என்ன குறை?

—

வினைத்தொகையில் வினையைச் செய்வதே பெயராக வர வேண்டும் என்று கட்டாயமில்லை. சுடுகாடு எதையும் சுடுவதில்லை, உண்கலம் உண்பதில்லை, குடிநீர் குடிப்பதில்லை. ஊறுவதற்கு இடமான பால் ஊறுபால். தாராளமாக நிற்கும்.

முட்டைப்பாலின் குறை, முட்டையில்லாத வகைக்குச் செல்லாது என்பது. அதில் 250 மி.லி. பாலுக்கு ஒன்றரை மேசைக்கரண்டி சோளமாவு கரைப்பார்கள். முட்டைப் புரதம் செய்யும் வேலையைக் கல்லின் சூட்டில் பசையாகும் மாவுச்சத்து செய்கிறது. அந்தக் கலவையை ஒவ்வொரு துண்டுக்கு முன்பும் கிளறிவிட வேண்டும், இல்லாவிட்டால் மாவு அடியில் தங்கிக் கடைசித் துண்டு மட்டும் களிபோல் ஆகும். ஊறுபால் என்றால் இரண்டுக்கும் ஒரே சொல்.

—

ஊறுபாலுக்கு என் ஆதரவு. அதே வரைவில் இன்னொரு சொல்லையும் கவனிக்க வேண்டும். "பழைய ரொட்டி" என்று இருக்கிறது.

இந்தப் பண்டத்துக்குப் பிரெஞ்சில் "இழந்த ரொட்டி" என்றே பெயர், வீணாகப் போகிற ரொட்டியை மீட்பது என்ற கருத்து. அதனால் எல்லா நூல்களும் பழையது பழையது என்கின்றன. உண்மையில் தேவைப்படுவது பழமை அல்ல, உலர்ச்சி. ரொட்டி பழசாகி விறைப்பது மாவுச்சத்து மறுபடி இறுகுவதால். ஈரம் சற்றும் போகாமலே அது நடக்கும், குளிர்பெட்டியில் இன்னும் வேகமாக நடக்கும். உறையில் மூடிவைத்த மூன்று நாள் ரொட்டி விறைப்பாக இருக்கும், ஈரமும் உள்ளேயே இருக்கும். அது ஊறுபாலை நன்றாக உறிஞ்சாது. புது ரொட்டியையே வெட்டி, கம்பித் தட்டில் பரப்பி, 130 டிகிரி செல்சியஸ் அடுப்பில் 10–15 நிமிடம், நடுவில் ஒருமுறை திருப்பி உலர்த்தினால் போதும். நிறம் மாறக் கூடாது, மேல்பரப்பு தொட்டால் காய்ந்திருக்க வேண்டும். ஆகவே "உலர்த்திய ரொட்டி" என்று மாற்றுங்கள். பூஞ்சை பூத்ததைக்கூடப் பழையது என்று எடுத்துவிடும் ஆபத்தும் நீங்கும்.

—

ஒரு சின்ன எதிர்ப்பு. ஊறுபால் என்று பால் ஈற்றில் வருவதால் சிலர் பாலைக் கூட்டிவிடுவார்கள். 2 முட்டைக்கு 150 மி.லி. என்பது நல்ல அளவு. 250 ஆக்கினால் நடுப்பகுதி எவ்வளவு நேரம் வைத்தாலும் கூழாகவே இருக்கும், பாலைப் பிடித்து நிறுத்த அங்கே போதுமான புரதம் இல்லை. அளவைச் சொல்லின் பக்கத்திலேயே எழுதிவிட்டால் எதிர்ப்பை விலக்கிக்கொள்கிறேன்.

"தீயில் வாட்டவும்" என்பதும் போதாது. மிதமான தீக்குக் கீழே, பக்கத்துக்கு 3–4 நிமிடம். தீ கூடினால் வெளியே கருகி உள்ளே பச்சையாக நிற்கும். ரொம்ப நேரம் விட்டாலோ புரதம் இறுகி நீரைப் பிழிந்து தள்ளும்; தட்டில் துண்டுக்கு அடியே தண்ணீர் கசிந்து நிற்பது அதனால்தான். வெப்பமானி இருந்தால் நடுவில் 71 டிகிரியைத் தாண்ட வேண்டும், முட்டை பாதுகாப்பாக வெந்ததற்கு அதுவே அளவு. வெண்ணெய் மட்டும் போட்டால் அதிலுள்ள பால் திடப்பொருள் இரண்டாம் சுற்றில் கருகிக் கசக்கும். பாதி எண்ணெய் பாதி வெண்ணெய், அல்லது நெய். சுற்றுக்குச் சுற்று கல்லைத் துடைத்துவிட வேண்டும்.

—

அனைவருக்கும் நன்றி. மாற்றிய பத்தி:

"ஊறுபால்: 2 முட்டையுடன் 1 மேசைக்கரண்டி சர்க்கரை, 1 சிட்டிகை உப்பு சேர்த்து இழை தெரியாமல் அடிக்கவும். 150 மி.லி. பால், அரைத் தேக்கரண்டி வெனிலா எசன்ஸ் சேர்த்துக் கலக்கவும். உலர்த்திய ரொட்டித் துண்டுகளை அகலமான தட்டில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் அடுக்கி, ஊறுபாலை ஊற்றி, பக்கத்துக்கு 2 நிமிடம் ஊறவைக்கவும். மெல்லிய துண்டானால் நனைத்து எடுத்தால் போதும். எடுக்கும்போது மிகுதியை வழியவிட்டு, பாதி எண்ணெய் பாதி வெண்ணெய் தடவிய கல்லில் குறைந்த மிதமான தீயில் பொன்னிறமாகும்வரை பக்கத்துக்கு 3–4 நிமிடம் வாட்டவும்."

வாட்டிய துண்டுகளை அடுக்கி மூடினால் ஆவியில் மேல்புறம் சொதசொதத்துவிடும் என்பதையும் சேர்க்கிறேன்: 95 டிகிரி அடுப்பில், கம்பித் தட்டில், தனித்தனியாக. கடைசித் திருப்பலுக்கு முன் மேலே அரைத் தேக்கரண்டி சர்க்கரை தூவினால் அது உருகி, ஆறியதும் கண்ணாடிபோல் உடையும் ஒரு பூச்சு வருகிறது. அதற்குச் "சர்க்கரை ஓடு" என்று எழுதியிருக்கிறேன். ஆட்சேபம் இருந்தால் தனி மடலில் அல்ல, இதே இழையில் சொல்லுங்கள்.